பனாமாவில் இருந்த தென்காசிக்காரர்

லிங்கேஸ்வரன் அதிகம் ஊர் சுற்றியவரில்லை. கொல்லத்துக்கு ஒரு தடவை ரயிலில் போயிருக்கிறார். சொந்தக்காரர் கல்யாணத்துக்காகச் சென்னைக்கு ஒரு தடவை. அவ்வளவுதான். ஆனாலும் பல வருடங்கள் அவர் பனாமாவில் இருந்தார்.

தென்காசிப் பக்கம் அவர் பார்த்த தொழிலைப் பார்த்தவர்கள் பலரும் அப்படித்தான். ஒருத்தர் பொலிவியாவில் இருப்பார். இன்னொருத்தர் பேரே வாயில் நுழையாத ஒரு தீவில் இருப்பார். டீக்கடையில் சந்தித்துக்கொண்டால், "இப்ப எந்த நாட்டுல இருக்கீக?" என்று கேட்டுச் சிரித்துக்கொள்வார்கள். அந்தச் சிரிப்பு ஒரு உயிரைக் குடிக்கும் என்று அப்போது யார் கண்டார்கள்!

அச்சன்புதூரில் பிறந்தவர். தலைமுறை தலைமுறையாக அடுத்தவர் வயலில் நாற்று நட்ட குடும்பம். சொந்தமாக ஒரு சென்ட் நிலம் கிடையாது. லிங்கேஸ்வரன் வயலில் இறங்கவில்லை. கேபிள் டிவிக்காரரிடம் சேர்ந்து, மின்கம்பத்திலும் தென்னை மரத்திலும் ஏறி ஒயர் இழுத்தார். அந்தத் தொழில் படுத்தபோது, திருநெல்வேலியில் இருந்த ஒரு இன்டர்நெட் கம்பெனிக்காரர் அவருக்குப் புது வழி காட்டினார். ஒயரே வேண்டாம். கோபுரத்தில் ஒரு சின்ன டிஷ், வாடிக்கையாளர் மாடியில் ஒரு டிஷ். நடுவில் காற்று.

"காத்துக்கு லைசென்ஸ் வேண்டாமா சார்?" என்று கேட்டார் லிங்கேஸ்வரன்.

கம்பெனிக்காரர் விளக்கினார். கம்பெனிக்கு வேண்டிய உரிமம் கம்பெனியிடம் இருக்கிறது. ஆனால் அந்த டிஷ் பேசும் அலைவரிசைக்குத் தனி உரிமம் வேண்டாம். அரசாங்கம் சில அலைவரிசைகளை எல்லோருக்கும் பொதுவாகத் திறந்துவிட்டிருக்கிறது. ஆனால் மூன்று நிபந்தனை. சொன்ன சக்திக்கு மேல் போகக்கூடாது. மற்றவருக்கு இடைஞ்சல் செய்யக்கூடாது. மற்றவரால் நமக்கு இடைஞ்சல் வந்தால் முறையிடவும் முடியாது.

"அட, மேய்ச்சல் புறம்போக்கு மாதிரில்லா இருக்கு!" என்று லிங்கேஸ்வரன் துள்ளினார். அன்று வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னபோது அவர் கண் கலங்கியிருந்தது. "எங்கய்யாவுக்குத் தரையில பட்டா இல்ல பிரியா. எனக்கு வானத்துல பட்டாவே வேண்டாம்னுட்டான் கவர்மெண்டு!"

மனைவி ஜெயபிரியா போலீஸ்காரி. பின்னாளில் தலைமைக் காவலர் ஆனாள். குற்றாலத்தில் கடை போட்டிருப்பவர்கள் எல்லோருக்கும் அவள் 'ஏட்டம்மா'. இருவருக்கும் பிள்ளை இல்லை. அந்தக் குறையை ஒருவருக்கொருவர் காட்டிக்கொள்ளாமல், ஒருவரையொருவர் கேலி செய்தே காலத்தை ஓட்டினார்கள். லிங்கேஸ்வரன் தன் தொழிலுக்கு 'பிரியா நெட்' என்று பெயர் வைத்தார். எந்தக் கோபுரத்தில் டிஷ் மாட்டினாலும் அதற்கும் அவள் பெயர்தான்.

"ஏங்க, ஊருல ஒருத்தன் விடாம 'பிரியா வரல, பிரியா படுத்துட்டா'ன்னு திட்டுதான். ஒரு போலீஸ்காரி பேரை இப்படியா நாற அடிப்பீக?"

"பிரியா இல்லாம ஒரு நிமிசம் இருக்க முடியலன்னுதான ஏட்டி திட்டுதான்? அதுவும் ஒரு பெருமைதான்."

"நல்ல பெருமை! நாளைக்கே பேரை மாத்துங்க. உங்க பேரை வைங்க. திட்டு முழுசும் உங்களுக்கே வரட்டும்."

பெயர் மாறவில்லை. மாறியிருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று பிற்பாடு அவர் எத்தனையோ தடவை நினைத்து அழுதிருக்கிறார்.

செங்கோட்டைக்குத் தெற்கே, மலைச்சரிவில் ஒரு கிராம்புத் தோட்டம் இருக்கிறது. அதன் உச்சியில் லிங்கேஸ்வரன் ஒரு டிஷ் வைத்தார். மேற்கே பார்த்த டிஷ். மலைக்கு அந்தப் பக்கம் உள்ள ஒரு தோட்ட விடுதிக்கு அதுதான் இன்டர்நெட் கொடுத்தது. சீசன் வந்தால் விடுதி நிறைந்துவிடும். அதேபோல் சீசன் வந்தால் அந்த இணைப்பு அறுந்து அறுந்து விழும்.

காரணம் இதுதான். மலைக்கு அந்தப் பக்கம், வெகு தொலைவில், மழை ரேடார் ஒன்று இருக்கிறது. மேகத்தில் பட்டுத் திரும்பும் அலையைக் கேட்டு, எந்த மலையில் எவ்வளவு மழை என்று சொல்லும் யந்திரம். சாரல் சீசனில் அது ஓயாமல் ஓடும். லிங்கேஸ்வரனின் டிஷ் பேசிய அதே அலைவரிசையில்தான் அதுவும் பேசியது. அங்கே ரேடார்தான் மூத்த குடி, டிஷ் பிற்பாடு வந்து ஒண்டியது. அதனால் டிஷ்ஷில் 'இந்தியா' என்று நாட்டைக் குறித்தால், அது இந்த நாட்டு வழக்கப்படி நடந்துகொள்ளும். ரேடார் சத்தம் கேட்டால் வாயை மூடும். வேறு வழிக்கு ஒதுங்கும். அங்கே போய் ஒரு நிமிடம் பேசாமல் காதுகொடுத்துக் கேட்டு, யாரும் இல்லை என்று தெரிந்த பிறகே பேசும்.

அந்த ஒரு நிமிடத்தைத்தான் யாராலும் பொறுத்துக்கொள்ள முடியவில்லை.

விடுதி மேனேஜர் போனில் கத்தினார். கம்பெனி திட்டியது. அப்போதுதான் செங்கோட்டையில் இதே தொழில் பார்க்கும் பிரின்ஸ் ரகசியத்தைச் சொன்னான்.

"அண்ணாச்சி, நீங்க எந்த நாட்டுல இருக்கீக?"

"எந்த நாட்டுல இருப்பாவ? இந்தியாலதான்."

"அதான் கெட்டது! செட்டிங்ல போயி பனாமான்னு வைங்க. அங்கன இந்த ரேடார் கீடார்லாம் பாக்காது. பவரும் கூடப் போகும். மலையைப் பொளந்துட்டுப் போகும்."

"தப்பில்லையாலே?"

"மலை மேல ஏறி வந்து உங்க பாஸ்போர்ட்டையா கேக்கப் போறான்?"

லிங்கேஸ்வரன் சிரித்துக்கொண்டே நாட்டை மாற்றினார். அன்றிலிருந்து இணைப்பு அறுந்ததே இல்லை. 'பிரியா ஹில்' என்ற அந்த டிஷ், யார் பேச்சையும் காதில் வாங்காமல், மேற்கு வானத்தைப் பார்த்து ஓயாமல் கத்திக்கொண்டே இருந்தது.

சில வருடம் கழித்து, ஒரு சீசன் தொடக்கத்தில் ஜெயபிரியாவுக்குக் குற்றாலம் ஐந்தருவியில் பெண்கள் பக்கம் காவல் பணி போட்டார்கள். கீழே வெயில் அடிக்கும்போதே மேலே மலையில் கொட்டும். தண்ணீர் வந்து விழுந்த பிறகுதான் தெரியும். அதனால் லிங்கேஸ்வரனே அவள் போனில் ஒரு பக்கத்தைத் திறந்து வைத்துக் கொடுத்தார். ரேடார் பார்க்கிற மழையைப் பச்சை, மஞ்சள், சிவப்பு என்று காட்டும் படம்.

"மேலதிகாரி போன் வர்றதுக்கு முந்தி நீயே பாத்துக்கலாம். நம்ம மலை மேல மஞ்சள் வந்தாலே விசிலை ஊது."

"பரவால்லியே, கட்டுன பொண்டாட்டி உசிரு மேல அக்கறை இருக்கு!"

அவள் அதை ஒரு பூசை போலச் செய்தாள். கூட்டத்தை ஒரு சுற்றுப் பார்ப்பாள், படத்தைப் பார்ப்பாள், மறுபடி கூட்டத்தைப் பார்ப்பாள்.

அந்த நாளும் அப்படித்தான் பார்த்தாள். சாரல்கூட இல்லாத பளிச்சென்ற பகல். பெண்கள் பக்கம் நெருக்கியடித்துக் கூட்டம். சிவகாசியிலிருந்து மங்களேஸ்வரி என்ற புதுப்பெண் வந்திருந்தாள். கல்யாணமாகி முதல் சீசன். இரண்டு கையிலும் முழங்கை வரை கண்ணாடி வளையல். "ஏட்டம்மா, கொஞ்சம் தள்ளிவிட்டு இடம் வாங்கிக் குடுங்க, தலையே நனையல!" என்று அவள் கெஞ்ச, ஜெயபிரியா சிரித்தபடி நாலு பேரை ஒதுக்கி அவளை நடுவில் நிறுத்தினாள். பிறகு ஒதுங்கி வந்து போனைப் பார்த்தாள். மலை மேல் படம் துடைத்துவிட்டாற்போல் சுத்தமாக இருந்தது.

போனைப் பையில் போட்டு நிமிர்ந்தாள். விழுந்துகொண்டிருந்த வெள்ளைத் தண்ணீர் செம்மண் நிறமாக மாறியிருந்தது.

விசில். மறுபடி விசில். "ஏய், ஏறுங்க! மேல ஏறுங்க!" தொண்டை கிழியக் கத்தினாள். கையில் கிடைத்தவர்களையெல்லாம் இழுத்துப் படியில் தள்ளினாள். கிழவிகள், குழந்தைகள், அலறிய பெண்கள். நடுவில் நின்ற மங்களேஸ்வரிக்குத்தான் வழி கிடைக்கவில்லை. இரும்புக் கம்பியைப் பிடித்திருந்தாள். கம்பி வழுக்கியது. ஜெயபிரியா இடுப்பளவு வெள்ளத்தில் இறங்கி அவள் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"விட்றாதீங்க ஏட்டம்மா!"

"விட மாட்டேன் தாயி, விட மாட்டேன்!"

மேலிருந்து உருண்டு வந்த மரக்கிளை ஒன்று இருவர் கைக்கும் நடுவில் மோதியது. கண்ணாடி நொறுங்கிய சத்தம் அந்த இரைச்சலிலும் ஜெயபிரியாவுக்குக் கேட்டது. அவள் கையில் மிஞ்சியது, உள்ளங்கையில் ஆழமாகக் குத்தி நின்ற ஒரு பச்சை வளையல் துண்டு.

மறுநாள் காலை ஆற்றில், வெகு தூரம் தள்ளி மங்களேஸ்வரி கிடைத்தாள்.

துக்கம் அதோடு முடியவில்லை. யாரோ ஒரு பயணி எடுத்த வீடியோ ஊரெல்லாம் பரவியது. அருவியில் கூட்டம் குளிக்கிறது. ஓரத்தில் பெண் போலீஸ் போனைக் குனிந்து பார்க்கிறாள். அடுத்த கணம் வெள்ளம். அவள் தண்ணீரில் இறங்கியது அந்த வீடியோவில் இல்லை. வீடியோ எடுத்தவர் அதற்குள் ஓடியிருந்தார். 'உயிர் போகும்போது ஏட்டம்மா போனில்!' என்று எழுதிப் போட்டார்கள். ஜெயபிரியாவைப் பணியிடை நீக்கம் செய்தார்கள். விசாரணை தொடங்கியது.

"மழை இருக்கான்னுதான் சார் பாத்தேன்," என்றாள்.

விசாரித்த அதிகாரி அந்த நேரத்துப் படத்தை வரவழைத்துப் பார்த்திருந்தார். "படத்துல அங்க ஒரு பொட்டு மழை இல்லம்மா. ஆனா வெள்ளம் வந்திருக்கு. சுத்தமான படத்தைப் பிற்பாடு பாத்துட்டுக்கூட நீ இப்படிச் சொல்லலாம். அப்ப நீ பாத்தது இந்தப் படத்தையா, இல்ல ரீல்ஸையா?"

ஒரு பொட்டு மழைகூட இல்லாத படத்தைத்தான் அவள் தன் கண்ணால் பார்த்தாள். அதைச் சொன்னால் யார் நம்புவார்கள்?

காய்கறிக் கடையில் ஒருத்தி காது படவே சொன்னாள். "போனைப் பாத்தே ஒரு புள்ளையக் கொன்னுட்டாளே!" கட்டுப்போட்ட கையில் பையைத் தூக்கிக்கொண்டு ஜெயபிரியா வீடு திரும்பினாள். அதன் பிறகு அவள் வாசல் தாண்டவில்லை. லிங்கேஸ்வரன் சோற்றைப் பிசைந்து ஊட்டப் போனால், "நான் பாத்தேங்க. சத்தியமா பாத்தேன். சுத்தமா இருந்துச்சு," என்று மட்டும் சொல்வாள். "எனக்குத் தெரியாதா ஏட்டி" என்று அவரும் அழுவார். எதை அறியாமல் அழுகிறோம் என்று அவருக்கே தெரியாது!

ஒரு காலை பிரின்ஸ் போன் செய்தான். குரலில் பதற்றம்.

"அண்ணாச்சி, வானொலி அலையக் கண்காணிக்கிற ஆபீஸ்லேர்ந்து வேன் வந்திருக்கு. தலையில ஏரியல் வச்ச வேன். எங்கிட்ட வந்து எல்லா டிஷ்ஷையும் பாத்துட்டுப் போனாவ. நல்லவேளை, விசயம் காதுக்கு வந்ததும் நான் விடியமின்னயே இந்தியாவுக்கு வந்துட்டேன். நீங்களும் சட்டுபுட்டுன்னு வந்துருங்க."

"என்னலே விசயம்?"

"மழை ரேடார்ல நம்ம மலைப் பக்கமா ஒரு கோடு விழுதாம். டார்ச் அடிச்ச மாதிரி, ரொம்ப நாளாவே. படத்தைக் கெடுக்குதுன்னு அந்தக் கோட்டைக் கம்ப்யூட்டர்லயே அழிச்சிட்டு வந்திருக்காவ. கோட்டோட சேத்து அதுக்குப் பின்னால இருக்கிற மழையும் அழிஞ்சுபோச்சாம். அஞ்சருவியில பொண்ணு செத்த அன்னிக்கு மேல அவ்வளவு மழை, ரேடார்ல ஒண்ணுமே இல்லைன்னுதான் தேடி வந்திருக்காவ... அண்ணாச்சி? லைன்ல இருக்கீகளா?"

லிங்கேஸ்வரன் தரையில் அப்படியே உட்கார்ந்தார்.

"அண்ணாச்சி, யோசிக்காதீக. போன்லயே செட்டிங்ல போயி நாட்டை மாத்துங்க. டிஷ் அணைஞ்சு திரும்ப எந்திரிக்கும். எத்தனை நாளா எப்படி ஓடுச்சுன்னு அதுல இருக்கிற தடமெல்லாம் அழிஞ்சிரும். ஒரு பயலுக்கும் தெரியாது."

அவர் போனில் பக்கத்தைத் திறந்தார். 'பிரியா ஹில்' என்ற பெயர். கீழே, நாடு: பனாமா. அதைத் தொட்டதும் நாடுகளின் பெயர்கள் வரிசையாக இறங்கின. இந்தியா என்ற இடத்துக்கு விரல் வந்து நின்றது.

அறைக்குள் ஜெயபிரியா சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். கட்டுப்போட்ட கை வெளியே நீட்டியிருந்தது.

தொட்டால் அவர் தப்பிப்பார். யாரும் கேட்க மாட்டார்கள். ஆனால் அவள் பார்த்த படம் ஏன் சுத்தமாக இருந்தது என்று சொல்ல, இந்த உலகத்தில் இருப்பது அந்த மலை உச்சியில் தொங்கும் ஒரே ஒரு டிஷ்தான். அதை அழித்தால், சாகும்வரை அவள் போன் பார்த்துக் கொன்றவள்.

விரலை எடுத்தார். பக்கத்தை மூடினார். பைக்கை எடுத்துக்கொண்டு செங்கோட்டைக்குப் போனார். வேனைத் தேட வேண்டியிருக்கவில்லை. கிராம்புத் தோட்டத்துக்குத் திரும்பும் பாதையிலேயே நின்றது. கண்ணாடி போட்ட, களைத்த முகத்தோடு ஒரு அதிகாரி தன் கருவியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இங்க 'பிரியா ஹில்'னு ஒண்ணு வருது. யாரோடதுன்னு தெரியுமாங்க?"

"என்னோடதுதான் சார். வாங்க, காட்டுதேன்."

மலை ஏறினார்கள். கோபுரத்தடியில் அதிகாரி முதலில் டிஷ்ஷில் இருந்த தடங்களை மடிக்கணினியில் எடுத்துக்கொண்டு, ரேடார் படத்தைத் திறந்தார். அழிக்கப்படாத, உள்ளபடியான படம். தென்மேற்கிலிருந்து அவர்கள் நின்ற மலையை நோக்கிக் கத்திபோல ஒரு வெளிச்சக் கோடு. அதைத் தாண்டிக் குற்றால மலையில் எதுவும் தெரியவில்லை. அதிகாரி போனில் ரேடார் நிலையத்தை அழைத்தார். பிறகு லிங்கேஸ்வரனைப் பார்த்துச் சொன்னார்.

"அணைங்க."

அணைத்தார்.

சற்று நேரத்தில் போனில் ஒரு குரல், "போயிருச்சு சார், கோடு போயிருச்சு," என்றது. அடுத்த படம் வந்தது. கோடு கிடந்த இடத்தில், குற்றால மலையின் தலை மேல், மஞ்சளும் சிவப்புமாக ஒரு திட்டு. லிங்கேஸ்வரன் நிமிர்ந்து பார்த்தார். மலை உச்சியில் நிஜமாகவே கறுத்துக் கொட்டிக்கொண்டிருந்தது. இத்தனை வருடமாக அந்த மழையை மூடி வைத்திருந்தது அவர் மனைவியின் பெயர்!

"உரிமம் வேண்டாம்னுதான் அரசாங்கம் சொல்லிச்சு. விதி வேண்டாம்னு சொல்லலைங்க," என்றார் அதிகாரி. பிறகு, எடுத்து வைத்திருந்த தடங்களைப் பார்த்துக் கொஞ்சம் வியந்தார். "சம்பவத்துக்கு ரொம்ப முன்னாலேர்ந்து இதை யாரும் தொடவே இல்ல. நாங்க வர்றது தெரிஞ்சிருக்கும். ஒரு நிமிஷத்துல மாத்தியிருக்கலாமே. ஏன் மாத்தல?"

"அஞ்சருவி ஏட்டம்மா எம் பொண்டாட்டி சார்."

அதிகாரி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

சாயங்காலம் லிங்கேஸ்வரன் வீட்டுக்கு வந்தபோது ஜெயபிரியா விளக்குப் போட்டிருந்தாள். அவர் அவள் காலடியில் தரையில் உட்கார்ந்தார்.

"பிரியா, உன்மேல தப்பில்லன்னு எழுத்துல கொடுத்துட்டு வந்திருக்கேன். நீ பாத்த படம் சுத்தமாத்தான் இருந்திருக்கு."

அவள் முகத்தில் பல நாளுக்குப் பிறகு ரத்தம் ஓடியது. "நெசமாவா? யாரு கண்டுபிடிச்சா? எதனாலயாம்?"

"என்னாலதான்."

சொன்னார். எதையும் மறைக்காமல் முழுவதையும் சொன்னார். அவள் குற்றவாளியின் வாக்குமூலத்தைக் கேட்கும் போலீஸ்காரியாகவே உட்கார்ந்திருந்தாள். அவர் முடித்த பிறகு ஒன்றே ஒன்று கேட்டாள்.

"எதுக்காக மாத்துனீக?"

"ரேடார் சத்தம் வந்தா ஒரு நிமிசம் நெட்டு நின்னுரும் பிரியா. வாடிக்கைக்காரன் கத்துவான்..."

"ஒரு நிமிசம்."

உள்ளங்கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"எனக்கும் அந்த ஒரு நிமிசம்தாங்க வேணும்னு இருந்துச்சு. ஒரே ஒரு நிமிசம் முந்தித் தெரிஞ்சிருந்தா அத்தனை பேரையும் மேல ஏத்தியிருப்பேன். அந்தப் புள்ள 'விட்றாதீங்க'ன்னா. நான் விட மாட்டேன்னேன். நீங்களே படத்தைத் திறந்து குடுத்தீக. நீங்களே அதை மூடியும் வச்சிருக்கீக. அதுக்கு எம்பேரையும் வச்சிருக்கீக."

"என்னை அடிச்சிரு பிரியா. பேசாம மட்டும் இருக்காத."

அவள் அடிக்கவில்லை. அழவும் இல்லை. எழுந்து போய் அலமாரியிலிருந்து சீருடையை எடுத்து, ஒற்றைக் கையால் இஸ்திரி போட ஆரம்பித்தாள்.

விசாரணை அறிக்கையில் அவள்மேல் குற்றமில்லை என்று வந்தது. வேலை திரும்பக் கிடைத்தது. வீடியோவைப் பரப்பியவர்கள் யாரும் மன்னிப்புக் கேட்கவில்லை. அந்த அறிக்கையிலேயே, இடைஞ்சலுக்குக் காரணமான கருவியின் பெயர் 'பிரியா ஹில்' என்றும் இருந்தது. டிஷ்ஷைக் கைப்பற்றிக்கொண்டு போனார்கள். லிங்கேஸ்வரன்மேல் வழக்கு நடக்கிறது. கம்பெனி மலை இணைப்பை வேறொருத்தருக்குக் கொடுத்துவிட்டது. அச்சன்புதூர்ப் பக்கம் உள்ள கொஞ்ச வீடுகள் மட்டும் அவரிடம் மிஞ்சின.

ஜெயபிரியா தானே கேட்டுத் திருவேங்கடம் என்ற ஊருக்கு மாற்றல் வாங்கிக்கொண்டாள். கரிசல் காடு. அருவி கிடையாது. வானம் பார்த்த பூமி. அங்கே ஒரு அறை எடுத்துத் தங்கியிருக்கிறாள். புறப்பட்ட அன்று லிங்கேஸ்வரன் பெட்டியைத் தூக்கப் போனார். அவள் கொடுக்கவில்லை. தழும்பு விழுந்த கையாலேயே தூக்கிக்கொண்டு பஸ் ஏறினாள். "மாத்திரையை மறந்துராதீக" என்றாள்.

இந்த வருடமும் சீசன் வந்துவிட்டது. மலை மேல் கறுத்துக்கொண்டு வரும்போது லிங்கேஸ்வரன் மாடியில் நின்று மேற்கே பார்க்கிறார். இப்போது அவருடைய டிஷ் எல்லாமே இந்தியாவில்தான் இருக்கின்றன. பெயரையும் எடுத்துவிட்டார். வெறும் எண்கள்தான். ரேடார் சத்தம் கேட்டதும் அவை வாயை மூடுகின்றன. உடனே அவர் போன் அலறத் தொடங்குகிறது.

"என்ன அண்ணாச்சி, நெட்டு நின்னு போச்சு! படம் பாதியில நிக்குது!"

"கொஞ்சம் பொறுங்க தம்பி. ஒரு நிமிசம். அது கேட்டுக்கிட்டு இருக்கு."

"யாரு பேசுறதை அண்ணாச்சி கேக்குது?"

லிங்கேஸ்வரன் போனைக் கீழே வைத்துவிடுகிறார். மலையில் மழை இறங்கும் சத்தம் வருகிறது.